பொற்கிழி இல்லாத போட்டி

தொலைக்காட்சியைப் பற்றித் தமிழில் எழுந்த கண்டனங்கள் பல. அது நேரத்தைத் தின்கிறது, மாணவரின் படிப்பைக் கெடுக்கிறது, வீட்டில் பேச்சை ஒழிக்கிறது என்பன அவற்றுள் தலையானவை. இவை முற்றும் பொய்யென்று தள்ளத்தக்கன அல்ல. எனினும் இக்கண்டனங்கள் யாவும் பெட்டியின்முன் வாளா அமர்ந்து பார்க்கும் மனிதனை மட்டுமே கருத்தில் கொண்டவை. பார்த்ததை அணைத்துவிட்டு, அதனைத் தன் வீட்டுத் தரையிலே தானே ஆடிப் பார்க்கும் மனிதனும் உளன். அவனைத் திறனாய்வு கண்டுகொள்ளவில்லை. பேரா மாநிலத்தில், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பண்டிகை நாட்களிலும் பள்ளி விடுமுறைகளிலும் ஆடிவரும் ‘தொலைக்காட்சி விளையாட்டு’ இந்நோக்கில் ஆராயத்தக்க ஒன்றாகும்.

மேனாட்டில் இதற்கு ஒரு வணிக வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ‘ஜெப்பர்டி’ என்னும் புதிர்ப்போட்டி தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே மில்டன் பிராட்லி நிறுவனம் அதனை அட்டைப் பெட்டியில் அடைத்து வீட்டு விளையாட்டாக விற்றது. 1961இல் தொடங்கிய ‘பாஸ்வேர்ட்’, 1975இல் தொடங்கிய ‘வீல் ஆஃப் பார்ச்சூன்’ முதலியனவும் இவ்வாறே பெட்டிக்குள் புகுந்தன. தமிழுக்கு அத்தகைய பெட்டியை எவரும் செய்து தரவில்லை. ஆகவே தமிழ் வீடுகள் தாமே செய்துகொண்டன. பழைய நாட்காட்டியின் பின்புறம் கேள்விப் பலகை ஆயிற்று. எவர்சில்வர்க் குவளையும் கரண்டியும் மணி ஆயின. பிஸ்கட் டின் வினாச் சீட்டுகளின் களஞ்சியம் ஆயிற்று. விலைக்கு வாங்கிய விளையாட்டு விதிகளோடு வரும். தானே செய்த விளையாட்டுக்கோ விதிகளையும் தானே செய்ய வேண்டியிருக்கும். இவ்வேறுபாடு சிறிது போலத் தோன்றினும் பின்வருவன அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

தோட்டத்து வாழ்வில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. லயத்து வீடுகளின் வாசலில், பால்மரக் காட்டு வேலை ஓய்ந்த மாலைப்பொழுதுகளில் விடுகதை போடுவது வழக்காக இருந்தது. தொல்காப்பியர் ‘பிசி’ என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்த இலக்கிய வகை அது. தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் உடன் இருந்தன. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரும் தோட்டத்துக்கு அது விரைந்து வந்துவிடவில்லை. மின்னாக்கி ஓடும் சில மணி நேரமே வெளிச்சம் கண்ட லயங்களில், வண்டி பேட்டரியை இணைத்து ஓட்டிய ஒரு பெட்டியின்முன் பல வீட்டார் கூடினர். அங்கே பார்ப்பதே கூட்டுச் செயல். விடை முந்திச் சொல்பவனைக் கூட்டம் பாராட்டும்; தவறாகச் சொல்பவனை மறுநாள் பெரட்டு வரையில் கேலி செய்யும். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மக்கள் நகரத்தை நோக்கினர். புந்தோங்கிலும் புதிய தாமான்களிலும் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கூட்டம் கலைந்து குடும்பம் மட்டும் எஞ்சிற்று. கூடிப் பார்த்த காலம் போன பின்னரே கூடி ஆடும் ஆசை வலுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வகையில் முதலிடம் பெறுவது ‘பாட்டுக்குப் பாட்டு’. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திப் பெயர்பெற்ற இந்நிகழ்ச்சி, 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியின் வழியாகவும் உலகத் தமிழரிடம் பரவிற்று. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு வந்தபின் தமிழகத்து நிகழ்ச்சிகள் மலேசிய வீடுகளுக்குள் நாள்தோறும் வரத் தொடங்கின. ஆனால் இதனைத் தொலைக்காட்சி வீட்டுக்குக் கொடுத்த கொடை என்று கூறுதல் பொருந்தாது. நாற்று நடுவோர் எதிரெதிர் அணியாக நின்று பாடிய எசப்பாட்டும், கேள்வியும் மறுமொழியுமாகச் செல்லும் லாவணியும் அதற்கு மூத்தவை. வீட்டிலிருந்து கடனாகப் பெற்றதைத் தொலைக்காட்சி வாத்தியக் குழுவோடும் விளக்கு ஒளியோடும் திருப்பித் தந்தது எனலாம்.

இலக்கியத்தில் இதன் உறவு அந்தாதி. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக அமைவது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களை இவ்வாறு தொடுத்து நிற்கிறது. வீட்டிலே இதனை எழுத்தளவில் ஆடப் புகுந்தவர் உடனே ஓர் இடரைச் சந்திப்பர். நன்னூலார் மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22 என்றும், மொழிக்கு ஈற்றில் வரும் எழுத்து 24 என்றும் கணக்கிட்டார். கணக்கு ஏறக்குறைய ஒத்திருப்பினும் எழுத்துகள் ஒத்தில. ஈற்றில் வரும் மெய்களுள் ண, ன, ர, ல, ழ, ள ஆகிய ஆறும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. தமிழிலோ ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ என்று தொடங்கி எண்ணற்ற சொற்கள் இவ்வாறில்தான் முடிகின்றன. ஆகவே பாட்டின் கடைசி எழுத்தைப் பற்றிக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்குவது என்னும் வடநாட்டு அந்தாட்சரி முறை தமிழில் இரண்டு சுற்றுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தாதிப் புலவர் எழுத்தைவிட்டு அசையையோ சீரையோ முழுச் சொல்லையோ பெரிதும் எடுத்தாண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

வீடுகள் கண்ட வழி வேறு. பாடுபவரை நடுவிலே நிறுத்திவிடுவது. நின்ற இடத்துச் சொல்லின் முதலெழுத்தை எதிரணிக்குக் கொடுப்பது. குறில் கிடைக்காவிடில் அதன் நெடிலை ஏற்றுக்கொள்வது. இலக்கணம் அறிந்த ஒருவர் அமர்ந்து வகுத்த விதி போல இது காட்சியளிக்கிறது. முதலெழுத்தாக வாராத எழுத்தை இவ்விதி தானே விலக்கிவிடுகிறது. ஆனாலும் பூசல் ஓய்வதில்லை. ‘ரா’ என்று தொடங்கும் திரைப்பாட்டு ஏற்கத்தக்கதா, அன்றி அதனை ‘இரா’ எனக் கொண்டு இகரத்தில் சேர்க்க வேண்டுமா என்று பேரன் பக்கமும் தாத்தா பக்கமும் வழக்காடுதல் உண்டு. ஒன்பது வயதுச் சிறுவன், இகர முன்னொட்டு ஏன் வந்தது என்று வெற்றிக்காகவேனும் கேட்கும் அந்நொடியில் நன்னூல் பாடநூலை விட்டு வெளியே வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. வகுப்பறையில் மொழி முதலெழுத்துகளை மனப்பாடம் செய்விக்க எத்தனை நாள் ஆகிறது என்பதை ஆசிரியர் அறிவர்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். பாடப்படுவன யாவும் திரைப்பாடல்கள்தாமே. விடுகதையும் தாலாட்டும் தெம்மாங்கும் இருந்த இடத்தில் திரைப்பாட்டை வைத்துக்கொண்டு மகிழ்வது முறையா? இம்மறுப்பு பாதி உண்மை. தோட்டத்துப் பாட்டுகளை அறிந்த மூதாட்டி இவ்வாட்டத்தில் அவற்றைப் பாடினால், ‘அது எந்தப் படம்?’ என்னும் கேள்வியே எதிரே வருகிறது. படப்பெயர் சொல்ல இயலாத பாட்டு செல்லாத காசாகிவிடுகிறது. தொலைக்காட்சியின் விதி வீட்டுக்குள் கொணர்ந்த கேடுகளுள் இதுவே பெரிது. இதனை எவ்வளவு கடிந்தாலும் தகும். மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் 1981இல் மறைந்த கண்ணதாசனும் ஏட்டிலே மட்டும் வாழ்ந்திருந்தால், தேசியப் பள்ளியில் பயின்று தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் ஓர் இளைஞனின் நாவில் அவர்தம் சொற்கள் இன்று நின்றிரா. பல்லவி மட்டும் தெரிந்தவன் தோற்கிறான். சரணம் தெரிந்தவன் வெல்கிறான். தமிழ் எழுதத் தெரியாமலே நூறு சரணங்களை உள்ளத்தில் வைத்திருக்கும் பிள்ளை மொழியை இழந்தவனா, இழக்காதவனா என்று விரைந்து தீர்ப்புக் கூறுதல் எளிதன்று.

எழுத்து விளையாட்டுக்கு வருவோம். சுழலும் சக்கரமும் மறைந்த தொடருமாக அமைந்த ‘வீல் ஆஃப் பார்ச்சூன்’, இந்நாட்டில் ‘ரோடா இம்பியான்’ என்னும் மலாய் வடிவம் பெற்றது. மெய்யெழுத்தைக் கேட்டால் கிடைக்கும். உயிரெழுத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். 26 எழுத்து உடைய மொழிக்கு இது பொருந்தும். 247 எழுத்து உடைய தமிழில் அப்படியே ஆடினால் விளையாட்டு விடிந்தாலும் முடியாது. ‘அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்’ என்னும் பழமொழியை எடுத்துக்கொண்டால் கட்டங்கள் 18. ‘மி’ என்று ஒருவர் ஊகித்துக் கேட்க வேண்டுமானால் அவர் விடையையே அறிந்திருக்க வேண்டும். இதற்கு வீடுகள் வகுக்கும் திருத்தம் சுவையானது. மெய்யை வரிசையாகக் கேட்கலாம். ‘ம’ வரிசை என்றால் மே, மி, ம் ஆகியவை நிற்கும் ஐந்து கட்டங்களிலும் புள்ளி வைத்த ‘ம்’ எழுதப்படும். பிறகு ஏகாரத்தையோ இகரத்தையோ விலைகொடுத்து வாங்கினால் அந்தந்தப் புள்ளி நீங்கி உயிர்மெய் பிறக்கும். மெய்யாகிய உடம்பு இனாம், உயிருக்குத்தான் விலை! ஆங்கில விளையாட்டில் வெறும் வணிக உத்தியாக இருந்தது, தமிழில் எழுத்திலக்கணத்தின் மெய்ப்பொருளையே காட்டிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் உயிர்மெய் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல கருவி அரிது. அட்டையும் கரிக்கோலும் போதும்.

நூறு பேரிடம் கேட்டுப் பெரும்பான்மையோர் சொன்னதையே விடையாகக் கொள்ளும் ‘பேமிலி ஃபியூட்’ வகைப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அதில் உண்மை தேவையில்லை. ஊர் வாய் போதும். வீட்டில் அது நிலைப்பதுமில்லை. நூறு பேரைக் கேட்க யாரால் முடியும்?

மிகுதியாகச் சிந்திக்க வேண்டியது கோடிப் பணத்துக்கு வினா விடுக்கும் போட்டியே. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பிரிட்டனில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்த இந்தி வடிவம் பெற்று, 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யாகத் தமிழில் உலவியது அது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரியச் சொல்வதும், திகைத்தால் வெளியிலுள்ள நண்பரின் துணையை நாடவிடுவதும் அதன் சிறப்புகள். இதைப் புதுமை என்பார் திருவிளையாடற் புராணத்தை மறந்தவர். பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் கிழியைத் தொங்கவிட்டான். ஏழைத் தருமி வெளித்துணையை நாடினான். துணைக்கு வந்தவன் ஆலவாய் இறைவன். இதைவிடப் பெரிய நண்பரை எந்த அரங்கிலும் எவரும் அழைத்ததில்லை! 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்துக்குப் பின், தருமியும் இறைவனும் வினாவி விடையிறுக்கும் காட்சி தோட்டத்து மேடைகளிலும் பள்ளிக் கலை நிகழ்ச்சிகளிலும் எத்தனை முறை நடிக்கப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கிட முடியாது. புதிர்ப்போட்டி தமிழனுக்கு அயலார் கற்பித்த கலை அன்று.

ஆயினும் புராணத்துப் போட்டிக்கும் தொலைக்காட்சிப் போட்டிக்கும் இடையே ஒரு மலையளவு வேறுபாடு உண்டு. புராணத்தில் நக்கீரன் இருக்கிறான். பரிசுபெற வந்த விடையைச் சங்கத்தார் சீர்தூக்கிப் பார்க்கலாம். குற்றம் என்று கூறலாம். கூறியவன் இறைவனே எதிர்வந்தாலும் தன் கூற்றினின்று பெயரான். தொலைக்காட்சியில் நக்கீரனுக்கு நாற்காலி இல்லை. கணினி காட்டும் விடையே விடை. நடத்துநரும் அதனைப் படிப்பவரேயன்றித் தீர்ப்பவர் அல்லர். வினாவே கறைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ‘ட்வென்டி ஒன்’ சான்று. அப்போட்டியில் புகழ்பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர் சார்ல்ஸ் வான் டோரன், தமக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதை 1959ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார்.

வீட்டில் ஆடும்போது ஒவ்வொருவரும் நக்கீரர். ‘இந்த விடை தவறு’ என்று அத்தை சொல்வாள். ‘புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று பிள்ளை சொல்வான். ‘புத்தகம் எழுதினவனுக்கு என்ன தெரியும்’ என்று பாட்டி தொடங்குவாள். ஆட்டம் அரை மணி நேரம் நின்றுபோகும். நின்றுபோன அந்த அரை மணி நேரத்தில் நடப்பதே ஆட்டத்தின் பயன். தொலைக்காட்சியில் விளம்பரத்துக்கு மட்டுமே இடைவேளை. வீட்டில் வாதத்துக்கு இடைவேளை.

ஆனால் வீட்டுப் போட்டியின் வினாக்கள் எங்கிருந்து வருகின்றன? இவ்வினாவிலேதான் இவ்விளையாட்டின் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன. பெரும்பாலும் பிள்ளைகளின் பாடநூல், செய்தித்தாள், கைப்பேசி ஆகியவற்றிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. நாடுகளின் தலைநகர், விளையாட்டு வீரர், நடிகர், கோள்களின் எண்ணிக்கை ஆகியனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. மொழியும் மலாயும் ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்தே இருக்கும். இவற்றின்முன் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பாட்டி வாயடைத்து நிற்கிறாள். முதல் சுற்றிலேயே வெளியேறித் தேநீர் கலக்கச் செல்கிறாள். அடுக்களையிலிருந்து சிரிப்பொலி கேட்டுக்கொண்டிருப்பதே அவள் பங்கு. குடும்பத்தோடு ஆடினார்கள் என்று பிறர் சொல்லும் அந்த மாலையில் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஆட்டத்தில் இல்லை.

அவளுக்கு எதுவும் தெரியாதா? விகாஸ் ஸ்வரூப் 2005இல் எழுதிய ‘கேள்வியும் பதிலும்’ என்னும் ஆங்கில நாவல், பள்ளிப் படிப்பில்லாத ஏழை இளைஞன் ஒருவன் தன் வாழ்வில் பட்ட அடிகளிலிருந்தே எல்லா வினாக்களுக்கும் விடை கண்டதாகக் கதை புனைந்தது. 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்னும் படமாகி உலகெங்கும் ஓடிற்று. கதையில் நிகழும் அந்த நல்லூழ், வினாக்கள் அவன் வாழ்வைத் தொட்டமையால் வந்தது. பாட்டியின் வாழ்வைத் தொடும் வினாவை யார் கேட்டார்? பால் வெட்ட விடியுமுன் ஏன் புறப்பட வேண்டும்? குளிர்ந்த பொழுதில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். வெட்டுக் கத்தி எவ்வளவு ஆழம் செல்லலாம்? பட்டையைக் கடந்து உள்ளே பட்டால் மரம் புண்படும். புதுப்பட்டை சீராக வளராது. மழை பெய்தால் நிரைக்குப் போக முடியாதது ஏன்? பாலை உறைய வைக்க எது வேண்டும்? இவற்றுக்கு விடை கூற அறிவியல் பட்டதாரி நூலைத் தேட வேண்டும். பாட்டி கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

வரலாற்று வினாவும் அத்தகையதே. கோலகங்சாரில் ரப்பர் நட்டது எந்த ஆண்டு என்றால் 1877 என்று பேரன் சொல்வான். சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளுள் ஒன்பது அங்கே ஹியூ லோ காலத்தில் நடப்பட்டன என்பதையும், அக்காலத்து மரமொன்று இன்றும் அங்கே நிற்கிறது என்பதையும் படித்தவன் சேர்த்துச் சொல்வான். அம்மரத்தின் வழிவந்த காட்டிலே வேலைக்கு வந்தவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த ஊரை விட்டு வந்தார்கள், முதல் இரவு எங்கே படுத்தார்கள் என்பதைப் பாட்டி தன் தாயிடம் கேட்டிருப்பாள். முதல் வகை விடை எந்நூலிலும் கிடைக்கும். இரண்டாம் வகை விடை அவ்வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதுவதற்கு இந்நாட்டுக்கு வந்து பார்க்கவும் கேட்கவும் வேண்டியிருந்தது. வீட்டுப் பிள்ளை அடுக்களைக் கதவருகே நின்றால் போதும்.

ஒரு சில வீடுகள் இதனை உணர்ந்து விதியை மாற்றிக்கொண்டுள்ளன. ஒவ்வொருவரும் பத்துச் சீட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, வேறொருவர் எழுதித் தர வேண்டும். சீட்டுக்கு உரியவரே அதன் நடத்துநர். விடையில் ஐயம் எழுந்தால் அவர் விளக்க வேண்டும். இம்மாற்றத்தால் பாட்டி போட்டியாளர் நாற்காலியை விட்டு வினவுநர் நாற்காலிக்கு வருகிறாள். லயத்து வாசலில் விடுகதை போட்டபோது அவளுக்கு உரியதாயிருந்த இடம் அதுதான். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்வது என்னும் முறையும் இங்கே கைவிடப்படுகிறது. ஏனெனில் மூன்று பொய்விடைகளைக் கற்பிக்கப் பாட்டிக்கு மனம் வருவதில்லை. இது விளையாட்டின் விறுவிறுப்பைக் குறைக்கிறது என்பது மெய். சிறுவர் சலித்துக்கொள்வதும் உண்டு. கப்பல் கதை முக்கால் மணி நேரம் நீண்டால் மணியடிக்கக் குவளையைத் தேடுபவர்களும் உளர்.

மாநிலங்களுள் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ளது பேராவில்தான். அவற்றுட் பல, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்துப் பெயரைத் தாங்கி நிற்பன. அப்பள்ளிகளில் நடைபெறும் புதிர்ப்போட்டிகளின் வினாத்தாள்களைப் புரட்டினால் எட்டுத்தொகை நூல்கள் எவை, ஐம்பெருங்காப்பியங்கள் எவை, நாட்டின் பிரதமர் யார் என்பன காணப்படும். வேண்டியவையே. அவற்றோடு, மாணவன் தன் வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிவரும் வினாக்களையும் ஆசிரியர் ஒரு சுற்றாகச் சேர்க்கலாம். பள்ளியின் பெயரில் உள்ள தோட்டம் எங்கே இருந்தது, அங்கே ஆயக்கொட்டகை எந்தப் பக்கம், திருவிழாவுக்குத் தேர் எந்த வழி வந்தது என்று அச்சுற்று அமையட்டும். அதற்குரிய விடைத்தாளை ஆசிரியர் முன்கூட்டித் தயாரிக்க முடியாது. விடை சரியா என்று தெரிய, பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.